ரோலரில் அடிக்காத எழுத்து

மதுரைவீரனுக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம் என்று முத்தாபுதுப்பேட்டை முழுக்கப் பேச்சு. தண்ணி லாரிக்குக் குடம் வரிசை வைக்கிற இடத்தில் ஆரம்பித்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் அதே பேச்சுதான். பேசினவர்களையும் குறை சொல்ல முடியாது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிற ஜோதிகாவிடம் அவன் ஆவடியிலிருந்து அம்பத்தூர் போய்ச் சேருகிற வரை ஒரு வார்த்தை பேசமாட்டான். ரெண்டு பேரும் வேலை செய்கிற ஷெட்டில் சூப்பர்வைசர் லோகநாதன் ஏதாவது சொல்லி அவள் சிரித்துவிட்டால் இவன் மூஞ்சி உர்ரென்று ஆகிவிடும். பார்த்தவன் வேறு என்னத்தை நினைப்பான்?

விஷயம் அது இல்லை. லோகநாதன் பாவம், மகளுக்கு மாப்பிள்ளை தேடி ஜாதகக்கட்டோடு அலைகிற மனுஷன். மதுரைவீரனுக்கு வயிறு எரிந்ததெல்லாம் பெண்டாட்டியைப் பார்த்துத்தான். அவள் கைவேலையைப் பார்த்து. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவனுக்குப் பரிதாபப்பட ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். பெண்டாட்டி தன்னைவிட நன்றாக வேலை செய்கிறாளே என்று புழுங்குகிறவனுக்கு எவன் டீ வாங்கிக் கொடுப்பான்? அதனால் ஊர் நினைத்ததை அவன் மறுக்கவே இல்லை. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். ஆம்பளைக்கு எதிலெல்லாம் ஒரு சௌகரியம் இருக்கிறது பாருங்கள்.

அமீர் பாயின் ஷெட் பட்டறவாக்கம் ரயிலடியைத் தாண்டி அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டுக்குள் மூன்றாவது சந்தில் இருக்கிறது. அங்கே வருகிற சாமானெல்லாம் தேய்ந்துபோன சாமான். சிமெண்டு ஆலையிலும் இரும்புக் கசடு அரைக்கிற ஆலையிலும் நெட்டுக்குத்தாக மில் ஒன்று இருக்கும். உள்ளே பெரிய இரும்புத் தட்டு சுற்றும். அதன் மேல் ஆளுயர ரோலர்கள் அழுத்திக்கொண்டு உருளும். நடுவில் மாட்டுகிற கல்லெல்லாம் மாவாகிவிடும். தட்டின் மேல் பாவியிருக்கிற இரும்புக் கட்டைகளுக்கு லைனர் என்று பெயர். கல்லை அரைக்கிற இரும்பு சும்மா இருக்குமா, அதுவும் சேர்ந்துதான் அரைபடும். வழவழவென்று போன ரோலர் ஒரு வருஷம் கழித்து வயிறு ஒட்டிப்போய், ஓரத்தில் பள்ளம் விழுந்து திரும்பி வரும். அந்தப் பள்ளத்தில் கடினமான கம்பியை உருக்கி வரிவரியாக ஏற்றி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து அனுப்ப வேண்டும். அதுதான் ஷெட்டின் தொழில்.

வரி ஓட்டுவதற்கு மிஷின் இருக்கிறது. ரோலர் மெல்லச் சுற்றும், டார்ச் அதன் மேல் தீயைக் கக்கிக்கொண்டு நிற்கும், ஒருவர் பேனலில் உட்கார்ந்து வேகத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஷின்தானே என்று நினைக்கலாம். மிஷினுக்கு என்ன தெரியும்? பள்ளம் ஒரு இடத்தில் ஆழம், ஒரு இடத்தில் மேடு. கை அதற்குத் தக்கபடி போகாவிட்டால் வரி நெளிந்துவிடும்.

ஜோதிகாவை ஷெட்டுக்குக் கூட்டி வந்ததே மதுரைவீரன்தான். கொரோனா முடிந்த வருஷம், வீட்டில் கஷ்டம், கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று பாய் கேட்டார், பெண்டாட்டியைக் கொண்டுவந்து விட்டான். அவள் வெல்டிங்கில் சிதறின இரும்புப் பொரிகளை அள்ளிப் போடுவாள், கம்பி ரீலை மாற்றிக் கொடுப்பாள். பேனலில் இருந்த ஆள் துபாய் போனபோது அந்த இடம் எனக்குத்தான் என்று மதுரைவீரன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். பாயும் ஒரு வாரம் உட்காரவைத்துப் பார்த்தார். புழு நெளிகிற மாதிரி வரி நெளிந்தது. சும்மா இருக்காமல் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான். ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில் வரி பாதியில் நிற்கக்கூடாதே என்று ஜோதிகா போய் உட்கார்ந்தாள். அவன் மோர்சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்து பார்க்கிறான், நாலு வரி நூல் பிடித்த மாதிரி ஓடியிருக்கிறது. பக்கத்தில் பாய் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்குப் பற்றின நெருப்புதான்.

அதற்கப்புறம் அவனுக்குக் கிடைத்தது மற்ற வேலைகள். தேய்மானத்தை அளக்க டெம்ப்ளேட் தகடு பிடிப்பான், ரோலரை ஏற்றி இறக்குவான், எர்த்து கேபிள் போடுவான். கடைசியில் இன்னொரு வேலை. பாயின் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த ரோலரின் பக்கவாட்டில் பேனலில் உட்கார்ந்தவர் பெயரின் முதல் எழுத்தை இங்கிலீஷில், எழுத்து வெட்டின இரும்புப் பஞ்ச் வைத்து அடிக்க வேண்டும். அடுத்த வருஷம் அது தேய்ந்து வரும்போது யார் போட்ட வரி எத்தனை நாள் தாங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஜே, ஜே, ஜே என்று அடித்து அடித்து மதுரைவீரனுக்குக் கையில் காய்ப்பே வந்துவிட்டது. எம் என்ற பஞ்ச் பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்தது.

அவளும் அவனிடம் அலட்டிக்கொண்டவள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அலட்டினால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். அவள் வீட்டுக்கு வந்தால் துணி துவைப்பாள், பாப்பாவுக்குத் தலை சீவுவாள், மாமியார் வேம்புலியம்மாளின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். எஸ்டேட் ரோடெல்லாம் முழங்கால் தண்ணி. ஷெட்டின் தகரக்கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அப்போது கசடு அரைக்கிற ஆலை ஒன்றிலிருந்து ஒரு ரோலர் வந்தது. வழக்கமாக மேலே இருக்கிற வளையத்தை மட்டும் கழற்றி அனுப்புவார்கள். இவர்களுக்கு அவசரம், கழற்ற நேரமில்லை என்று தண்டு, பேரிங் எல்லாவற்றோடும் முழுசாகத் தூக்கி அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். வெல்டிங் கரண்டு மிஷினுக்குத் திரும்பி வர எர்த்து வேண்டும். வெறும் வளையமாக இருந்தால் எர்த்துக் கிளிப்பை, ரோலரைத் தாங்குகிற ஸ்டாண்டில் எங்கே கடிக்கவிட்டாலும் பாதகமில்லை. பேரிங்கோடு இருக்கிற ரோலரில் அப்படிச் செய்தால் கரண்டு பேரிங் வழியாகத்தான் ஸ்டாண்டுக்குப் போகும். உள்ளே இருக்கிற உருளைகளைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மில்லில் மாட்டி பாரம் ஏறினால் கொஞ்ச நாளில் கடகடவென்று பிடித்துக்கொள்ளும், மில்லே நின்றுபோகும். அதனால் ரோலரின் உடம்பின் மேலேயே உரசிக்கொண்டு நிற்கிற மாதிரி செம்புக் கட்டை ஒன்று வைத்து, எர்த்தை அதில்தான் கொடுக்க வேண்டும். காலையில் பாய் எல்லாரையும் கூப்பிட்டு இதைத்தான் சொன்னார். மதுரைவீரனைத் தனியாகப் பார்த்து இன்னொரு தரமும் சொன்னார்.

"வீரா, கை பழக்கத்துல ஸ்டாண்டுல மாட்டிடப் போறே. செம்புக் கட்டைலதான், தெரிதா?"

தெரியும் பாய் என்றான். தெரியாமல் இல்லை. செம்புக் கட்டையை எமரித்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினதும் அவன்தான்.

அதை மாட்டப் போகிற நேரத்தில் ஆலையின் இன்ஜினியர் வந்துவிட்டார். சின்ன வயசு, குடையைச் சுருட்டிக்கொண்டு நேரே ஜோதிகாவிடம் போனார். போன வருஷம் இவர்கள் போட்டு அனுப்பின ரோலர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம், அதில் ஜே என்று போட்டிருக்கிறதே, அது நீங்களா என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டினாள். எங்கள் மேனேஜருக்குக் காட்டணும் என்று ரோலர் பக்கத்தில் அவளை நிற்கவைத்து போனில் படம் எடுத்தார். எடுக்கும்போது மதுரைவீரனைப் பார்த்து, மரியாதையாகத்தான், சொன்னார்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்களேன். கேபிள் உழுது படத்துல."

மதுரைவீரன் தள்ளிக்கொண்டான். கையில் எர்த்து கேபிள். காதெல்லாம் சூடாகிவிட்டது. படத்தில் விழுகிறது கேபிளா, நானா? கூடவே பிறந்தவன் மாதிரி அந்த ரோலரோடு அல்லாடுகிறவன் நான், படத்துக்கு மட்டும் நான் ஆகமாட்டேன். இதையே நினைத்துக்கொண்டு கேபிளை இழுத்துப் போய், கை எங்கே தினமும் போகுமோ அங்கே, ஸ்டாண்டின் காலில் கிளிப்பைக் கடிக்கவிட்டான். கண் முழுக்க அந்தப் பக்கம்.

ஜோதிகா பேனலில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கும் முன்னால் எர்த்து பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன், பார்த்தேன் என்றான். அவள் தீயைப் பற்றவைத்தாள்.

ஐந்தாறு வரி ஓடியிருக்கும். வரி ஆற ஆற டிக், டிக் என்று மயிர்க்கோடாக வெடிக்கிற சத்தம் வரும். புதுசாகப் பார்க்கிறவன் போச்சு என்று பயந்துவிடுவான். இந்தக் கம்பிக்கு அப்படி வெடித்தால்தான் நல்லது, இழுவிசை விட்டுப்போகும். மதுரைவீரன் பொரி அள்ளக் குனிந்தான். மேஜை மேல் செம்புக் கட்டை இருந்தது. தேய்த்து வைத்தபடியே பளபளவென்று, யாரும் தொடாமல் இருந்தது.

திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தான். கிளிப்பு அங்கே. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தானா பாய் வர வேண்டும்? வந்தவர் லோகநாதனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மழை சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். ஆலைக்காரர்கள் தட்டு லைனரையும் நம்மிடமே கொடுக்கிறார்கள், அதை இங்கே கொண்டுவர முடியாது, அங்கேயே போய்ச் செய்ய வேண்டும், அடுத்த வாரம் லோகநாதனும் ஜோதிகாவும் போகட்டும், அந்த வேலைக்கு ஜோதிகாதான் பொறுப்பு. வேலையாட்கள் கை தட்டினார்கள். ஒருத்தன் விசில் கூட அடித்தான்.

மதுரைவீரன் வாயை மூடிக்கொண்டான்.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அவள் போட்ட ரோலர் திரும்பி வரட்டும். ஜே என்ற எழுத்தோடு மில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அப்போது பார்க்கலாம் இந்தக் கைதட்டலை. இப்படித்தான் அவன் மனசு பேசியது. அசிங்கமாக இருந்தது, ஆனால் எத்தனையோ மாசத்துக்கப்புறம் நெஞ்சுக்கு ஒரு குளிர்ச்சியாகவும் இருந்தது. மத்தியானம் நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பை அவள் அவனுக்குப் பிசைந்து வைத்தாள். பெரிய மீனாகப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் தின்றான். சாப்பிட்டதும் அவள் எழுந்து போய் மறுபடியும் தீயைப் பற்றவைத்தாள். கிளிப்பு அங்கேயேதான் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் முன்னால் கிளிப்பைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். மறுநாள் காலை அதே ஸ்டாண்டில் மறுபடியும் மாட்டினான். இந்தத் தடவை மறதி இல்லை.

நடுவில் அந்தச் சாயங்காலம் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லோகநாதனோடு வெளியூர் என்ற சேதி வேம்புலியம்மாளுக்கு எப்படியோ முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. அவள் வாசல்படியில் காலை நீட்டிக்கொண்டு, உள்ளே தோசை வார்க்கிறவளுக்குக் கேட்கட்டும் என்றே மகனிடம் ஆரம்பித்தாள். கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அசலானோடு ஊர் ஊராகப் போகிற வழக்கம் எந்தச் சாதியில் உண்டு, நீ ஆம்பளையா இல்லையா, இத்தனை நாள் நீ முறைத்ததெல்லாம் எதற்கென்று எனக்குத் தெரியாதா என்று நீட்டிக்கொண்டே போனாள்.

"இன்னா நைனா, வாயில இன்னா கொழுக்கட்டயா? ஊரே சிரிக்குது. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லேன்."

லோகநாதன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல மதுரைவீரனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. ஜோதிகா தோசையைத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"உனக்குப் புடிக்கலேன்னா நான் சைட்டுக்குப் போவலே. பாய்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"உன் இஷ்டம்," என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைக்க வழியில்லை, வீட்டில் கேஸ் அடுப்பு.

மறுநாள் மத்தியானத்துக்கெல்லாம் வரி முடிந்தது. மதுரைவீரன் டெம்ப்ளேட் தகட்டை வைத்துப் பார்த்தான். தகட்டுக்கும் ரோலருக்கும் நடுவில் நகம் நுழையாது. பொறாமைக்காரன் கண்ணுக்கே அழகாகத்தான் இருந்தது. லாரி வந்து வாசலில் நின்றது. சங்கிலி மாட்டும் முன்னால் லோகநாதன் ரோலரைக் கையால் சுற்றிவிட்டு, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றார். மதுரைவீரனும் கையை வைத்துச் சுற்றினான். வெண்ணெய் இல்லை. உள்ளே எங்கேயோ மணல் அகப்பட்ட மாதிரி ஒரு சின்ன நறநறப்பு. அது இருக்கும் என்று தெரிந்தவன் கைக்குத்தான் அது தெரியும்.

பாய் எழுத்தை அடிக்கச் சொன்னார். மதுரைவீரன் சுத்தியலும் ஜே பஞ்சும் எடுத்துக்கொண்டு குந்தினான். அப்போது ஜோதிகா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"பாய், ஒண்ணு கேக்கட்டா? இந்தத் தபா எம்மும் அடிக்கச் சொல்லுங்க, பக்கத்துல. ரெண்டு நாளா என்கூடவேதான நின்னுகினு கீறாரு. நான் ஒண்டியாவா போட்டேன்?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அதுக்கென்னம்மா, அடிக்கட்டும் என்றார். லோகநாதன் பெட்டியைக் குடைந்து எம் பஞ்சை எடுத்து, துருவைச் சட்டையில் துடைத்து அவன் கையில் கொடுத்தார். ஜோதிகா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் மனம் கசந்திருக்கிறான், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தவளின் பார்வை அது.

இத்தனை வருஷம் ஏங்கின எழுத்து கையில் இருக்கிறது. பஞ்சை இரும்பில் வைத்தான், சுத்தியலை ஓங்கினான். கை இறங்கவில்லை. ஓங்கினபடியே நின்றது, பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"அனுப்பாதீங்க பாய். எர்த்து ஸ்டாண்டுல போட்டுட்டேன். பேரிங் போயிருக்கும்."

அப்புறம் ஆளாளுக்கு ஓடினார்கள். லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். மூடியைக் கழற்றி, கிரீஸை வழித்து, விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். பளபளவென்று இருக்க வேண்டிய உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரிப் பொட்டுப் பொட்டாகக் கறுத்திருந்தது. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆலைக்கு யார் பதில் சொல்வது என்று லோகநாதன் கேட்டபோது ஜோதிகா போனை வாங்கிக்கொண்டாள். பேனலில் உட்கார்ந்தவள் நான், எர்த்தைப் பார்க்காமல் தீயைப் பற்றவைத்தது என் தப்பு, பேரிங் மாற்றித் தந்துவிடுகிறோம் என்று அந்தச் சின்ன இன்ஜினியரிடம் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் கத்தியது இங்கே நின்றவர்களுக்கே கேட்டது. அவள் சார், சார் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

கோபமெல்லாம் ஆறினபிறகு பாய் மதுரைவீரன் முதுகைத் தட்டினார். தப்பு மனுஷன் பண்றதுதான், கடைசி நிமிஷத்திலாவது ஞாபகம் வந்து ஒத்துக்கொண்டாயே, இது மில்லில் ஏறியிருந்தால் என் ஷெட்டையே மூடியிருக்க வேண்டியதுதான் என்றார். வேலையாட்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். விசில் அடித்தவன் டீ வாங்கிக் கொடுத்தான். மதுரைவீரன் குடித்தான். ஜோதிகா மட்டும் மேஜை மேல் இருந்த செம்புக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் வண்டியில் கிளம்பினார்கள். திருமுல்லைவாயல் வரும்போது மழை வலுத்துவிட்டது. சி.டி.எச். ரோட்டு ஓரம் ஒரு பஸ் நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வேறு யாரும் இல்லை. லாரிகள் தண்ணியை வாரி இறைத்துக்கொண்டு போயின.

"எப்போ பாத்தே?" என்றாள் ஜோதிகா.

இன்றைக்குத்தான், எழுத்து அடிக்கும்போதுதான் என்று சொல்லலாம். பாய் நம்பினதை இவளும் நம்புவாள். ஆனால் ரெண்டு நாளும் கண்ணெதிரே மேஜையில் கிடந்த அந்தச் செம்புக் கட்டையை அவள் பார்த்ததை அவன் பார்த்திருந்தான்.

"நேத்து. படம் புடிச்சுட்டுப் போனாரே, அப்பால."

"எத்தினி வரி ஓடியிருந்துது?"

"அஞ்சாறு."

அவள் முந்தானையைப் பிழிந்துவிட்டாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"லோகண்ணனால தான? அவரோட போறேன்னு பாய் சொன்னாரே, அதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். ஊர் நம்புகிறது, அம்மா நம்புகிறாள், அவளும் நம்பிவிடுவாள், ஆம்பளைக்குக் கௌரவமாகவும் இருக்கும். மதுரைவீரனுக்கு அது தொண்டை வரை வந்தது. அங்கிருந்து ஏனோ வெளியே வரவில்லை.

"அவரு இன்னா பண்ணாரு பாவம். அதெல்லாம் இல்ல."

"பின்னே?"

"நீ நல்லா போடறே. எனக்கு வரல. அதான்."

ஜோதிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவள் பார்த்தது இல்லை.

"அப்போ இத்தினி நாளா நீ மொறைச்சதெல்லாம் என்னியத்தானா?" குரல் உயரவே இல்லை. "நான் அவர வச்சுத்தான்னு நெனச்சுகினு, அவரு எதிர்ல வந்தா குனிஞ்சுகினு போனேன். தங்கச்சி தங்கச்சின்னு இருந்த மனுஷன், நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்னு கேட்டாரு. பதிலு சொல்லலே. பூ வைக்கிறத உட்டேன். உங்கம்மா பேசினதெல்லாம் கேட்டுகினு, நம்ம மேலதான் ஏதோ கொற கீதுன்னு கெடந்தேன்."

ஒரு லாரி இறைத்த தண்ணிக்கு அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லு. நான் எம் அடிக்கச் சொல்லாம இருந்திருந்தா, ஜே மட்டும் அடிச்சு அனுப்பிச்சிருப்பே இல்ல?"

"தெரியலே ஜோதி."

பொய் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நெற்றியில் வழிந்த தண்ணியைத் துடைத்துக்கொண்டான்.

ஆவடி பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. ஜோதிகா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டு ஓரத்துக்குப் போய்க் கை காட்டினாள். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"சந்தேகம்னா நான் ஒழுங்கா இருந்து காட்டிடலாம்யா. இதுக்கு நான் இன்னா பண்றது? நாளைலேருந்து வரிய கோணலாப் போடட்டா?"

கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்று கத்தினான். அவள் ஏறிக்கொண்டாள். பஸ் தண்ணியைக் கிழித்துக்கொண்டு போய், வளைவில் திரும்பி, விளக்கும் மறைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மதுரைவீரனுக்கு வாய் வந்தது. வேணாம், நேராவே போடு என்றான். கேட்க அங்கே யாரும் இல்லை.